மருந்து மாறாமல் கையளிப்பது எப்படி: மருந்தக மேசைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மேசைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் கிழமை நான் ஒன்றைத்தான் கவனிப்பேன். டொக்டர் எழுதின மருந்துத் துண்டு கைக்கு வந்ததும் அவர்களுடைய கால் எந்தப் பக்கம் திரும்புகிறது? முக்கால்வாசிப் பேர் முதல் வரியை வாசித்த கையோடு மருந்து அடுக்கின தட்டுப் பக்கம் திரும்பிவிடுவார்கள். மிச்ச வரிகளை நடந்துகொண்டே வாசிப்பார்கள். மருந்து மாறுவது பெரும்பாலும் அந்த நடையில்தான்.

கீழே உள்ள ஒழுங்கு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துச் சிறிய மருந்தகங்களில் நான் வேலை செய்து பழகியது. படிகளை முன்பின்னாக மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தின படியில் விட்ட பிழையைப் பிடிப்பதற்காக அந்த இடத்தில் இருக்கிறது.

1. கதவு திறக்க முன்னம் இருக்க வேண்டியவை

இலங்கை மருத்துவ சபையில் பதிந்த மருந்தாளர் கடையில் இருக்க வேண்டும். சான்றிதழ் சுவரில் தொங்க, ஆள் யாழ்ப்பாணத்தில் இருந்தால் அது மருந்தகம் இல்லை. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை தரும் அனுமதிப்பத்திரமும் அந்த மருந்தாளரை வைத்துத்தான். சட்டத்தை விடுங்கள், சந்தேகம் வந்தால் திரும்பிக் கேட்க ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

பொருட்கள் அதிகம் தேவையில்லை. எண்ணும் தட்டு, கணிப்பான், பிள்ளைகளை நிறுக்கத் தராசு, சுவரில் ஒரு வெப்பமானி, குளிர்சாதனப் பெட்டிக்குள் இன்னொன்று. மருந்தளவு பார்க்கப் பெரியவர்களுக்கு ஒன்றும் பிள்ளைகளுக்கு ஒன்றுமாக பி.என்.எப். எனும் பிரித்தானிய மருந்துக் கைநூல்கள். கைப்பேசியில் தேடிப் பார்க்க நான் ஒருவரையும் விடுவதில்லை. வேறு நாட்டுச் செறிவு வந்து நிற்கும்.

அத்தோடு இரண்டு கொப்பி. ஒன்று சந்தேகக் கொப்பி: எந்த டொக்டரிடம் என்ன கேட்டோம், அவர் என்ன சொன்னார், எத்தனை மணிக்கு. மற்றது நழுவல் கொப்பி: பிழை நடக்கப் போய், கடைசியில் பிடிபட்டவை. இரண்டாவது கொப்பி வெறுமையாகக் கிடக்கிற கடையில் ஒருவரும் எழுதுவதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

2. தட்டை முதலில் திருத்துங்கள்

ஆங்கில எழுத்து வரிசைப்படி அடுக்குவது பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் பெயர் ஒத்த மருந்துகளைப் பக்கம் பக்கமாக இருத்துவதும் அதே வரிசைதான். சீனி வருத்தத்துக்கான மெற்போமினுக்கும் கிருமித் தொற்றுக்கான மெற்றோனிடசோலுக்கும் ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்தும் ஒன்று. வலிப்புக்கான காபமசெபினுக்கும் தைரொயிட்டுக்கான காபிமசோலுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்று. தடிமனுக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமினுக்கும் மனநோய்க்கான குளோர்புரோமசினுக்கும் ஆறு எழுத்து. அமிற்றிப்டிலினும் அம்லோடிப்பினும், அசதயோப்பிறினும் அசித்ரோமைசினும், ஹைட்றலசினும் ஹைட்றொக்சிசினும் இதே கதைதான்.

இந்தச் சோடிகளில் ஒன்றை வேறு தட்டுக்கு மாற்றி, அது இருந்த இடத்தில் "இங்கே இல்லை, கீழ்த்தட்டைப் பார்" என்று ஒரு அட்டை வையுங்கள். கை பழக்கத்தில் போனாலும் வெறும் இடத்தில் போய் நிற்கும்.

பெட்டியின் நிறத்தை வைத்து மருந்தைப் பழகாதீர்கள். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஒரே மருந்து மாதத்துக்கு ஒரு கம்பனியில் வந்தது. நீலப் பெட்டியாக இருந்தது சிவப்பாக வந்தது, நீலத்தில் வேறொன்று வந்தது. நிறத்தைப் பார்த்து எடுத்துப் பழகினவர்கள்தான் அந்த நேரம் தடுமாறினார்கள். புதுக் கம்பனிச் சரக்கு வந்த அன்றே எல்லாரையும் கூப்பிட்டுப் பெட்டியைக் கையில் கொடுத்துக் காட்டிவிட வேண்டும்.

எண்ணி மிஞ்சின உதிரிக் குளிசையைப் போத்தலுக்குள் திருப்பிப் போட வேண்டாம். ஒன்று மாறி விழுந்தால் அந்தப் போத்தல் முழுவதும் சந்தேகம். காலாவதித் திகதி கிட்டினதை முன்னுக்கு வையுங்கள். தகரக் கூரைக் கடையென்றால் சித்திரை வெயிலில் வெப்பமானி 30 பாகையைத் தாண்டும், மேல்தட்டில் ஒன்றும் வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டி 2 இலிருந்து 8 பாகைக்குள் நிற்க வேண்டும். இன்சுலினை உறைபெட்டியோடு ஒட்டி வைத்து அது உறைந்துவிட்டால், உருகின பிறகும் கொடுக்கக் கூடாது.

3. துண்டைக் கடைசி வரி வரைக்கும் நின்று வாசியுங்கள்

மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு வாசியுங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை, கை ஊன்றி இருந்தால் கால் நகராது.

பெயர், வயது, திகதி, பிறகு மருந்து. கிளினிக் கொப்பி என்றால் திகதியில் கூடுதல் கவனம். ஐயாமார் கொப்பியை விரித்துத் தரும் பக்கம் போன மாதத்துப் பக்கமாக இருக்கும். கடைசியாக எழுதின பக்கத்தை நீங்களே தேடி எடுங்கள். டொக்டர் நிற்பாட்டின குளிசை பழைய பக்கத்தில் இன்னும் உயிரோடு இருக்கும்.

மருந்தின் பெயரை அதன் பலத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். கிறுக்கலில் காபிமசோலா காபமசெபினா என்று தெரியவில்லை, பக்கத்தில் 200 மி.கி. என்று கிடக்கிறது. காபிமசோல் 5 மி.கி. குளிசையாக வருவது, 200 அதற்குப் பொருந்தாது. பெயரும் பலமும் நோயும் மூன்றும் ஒத்துப்போக வேண்டும், ஒன்று இடித்தாலும் நில்லுங்கள்.

இலக்கங்களில் மூன்று பொறி உண்டு. புள்ளிக்கு முன்னால் பூச்சியம் போடாமல் .5 என்று எழுதினால் 5 ஆகத் தெரியும். 5.0 என்று எழுதினால் 50 ஆகத் தெரியும். இன்சுலினுக்கு 10 க்குப் பக்கத்தில் யுனிட் என்பதற்கு ஆங்கில 'யூ' எழுத்தைப் போட்டால் 100 போலத் தெரியும். மூன்றிலும் பத்து மடங்கு கூடும். நீங்கள் எழுதும்போது 0.5 என்றும், வெறும் 5 என்றும், 'யுனிட்' என்று முழுச் சொல்லாகவும் எழுதிப் பழகுங்கள். தைரொக்சின் மைக்ரோகிராமில் வருவது, அதை மி.கி. ஆக்கினால் ஆயிரம் மடங்கு.

துண்டில் வரும் சுருக்கங்களில் பி.டி. இரண்டு வேளை, ரி.டி.எஸ். மூன்று வேளை, நொக்டே இரவு. இவற்றை ஒரு கிழமையில் பாடமாக்கிவிடுவார்கள். ஈ.ஓ.டி. என்று வந்தால்தான் பிழை விடுவார்கள். அது ஒன்றுவிட்ட ஒருநாள். அவசரத்தில் ஓ.டி. என்று, அதாவது தினமும் ஒருதரம் என்று வாசித்துவிடுவார்கள்.

விளங்காவிட்டால் எழுதின டொக்டருக்குப் போன் எடுங்கள். "சேர், இது காபமசெபினா?" என்று கேட்டால் அவசரத்தில் "ஓம்" என்றுதான் வரும். "சேர், இந்த மருந்தின்ர பெயரும் அளவும் சொல்லுங்கோ" என்று கேட்டு, அவர் சொன்னதைத் திருப்பி வாசித்துக் காட்டிச் சந்தேகக் கொப்பியில் எழுதுங்கள். டொக்டர் ஏசுவார் என்று பயந்து ஊகிக்கிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். ஏச்சு இரண்டு நிமிசத்தில் ஆறிவிடும்.

4. ஆளை விசாரியுங்கள்

"சிவலிங்கம் ஐயா!" என்று கூப்பிட்டால் இரண்டு பேர் எழும்புவார்கள், காது கேளாத மூன்றாமவர் தலையாட்டுவார். பெயரை நீங்கள் சொல்லாதீர்கள். "உங்கட முழுப்பேர் சொல்லுங்கோ ஐயா, எந்த ஊர்?" என்று கேளுங்கள். பெயர், வயது, ஊர் மூன்றும் துண்டோடு ஒத்தால்தான் அடுத்த படி.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல், ஒருவர் மூன்று வீட்டு மருந்தை எடுக்க வருவது. ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ உள்ளே இருக்கிறவர்களுக்குப் பஸ் செலவு மிச்சம், கொப்பி மூன்றையும் ஒருவரிடம் கொடுத்து விடுவார்கள். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. ஒரு கொப்பியின் மருந்தை முடித்து, பையில் போட்டு, வாயைக் கட்டி, பெயரைப் பெரிதாக எழுதின பிறகுதான் அடுத்த கொப்பியைத் திறக்க வேண்டும்.

பிறகு கேட்க வேண்டியவை. மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்ததோ, மூச்சு முட்டினதோ? பெனிசிலின் ஒவ்வாமை என்றால் அமொக்சிசிலினும் குளொக்சசிலினும் கோ-அமொக்சிகிளாவும் அதே குடும்பம்தான். பெயரில் பெனிசிலின் இல்லை என்பதால் புதியவர்களுக்கு அது ஓடாது. பிள்ளைத்தாய்ச்சியோ, பால் கொடுக்கிறாவோ? வேறு கடைக் குளிசை, நாட்டு மருந்து ஏதும் குடிக்கிறார்களோ? சிறுநீரக வருத்தம் இருக்கிறதோ? வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயாளர் கணிசமாக இருக்கிறார்கள், அவர்களுக்கு நோக்குளிசை சும்மா எடுத்துக் கொடுக்கிற சாமான் இல்லை.

துண்டில்லாமல் "காய்ச்சலும் மேல்நோவும், நல்ல நோக்குளிசையாத் தாங்கோ" என்று வருகிறவர்களிடம் இன்னும் கவனம். டெங்கு இல்லை என்று உறுதியாகாத காய்ச்சலுக்கு டைக்குளோபினக், இபுபுரோபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் ஒன்றும் கொடுக்கக் கூடாது. அவை இரத்தப்போக்கைக் கூட்டும். பரசிற்றமோல் மட்டும் கொடுத்து, இரத்தம் சோதிக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

5. பிள்ளை மருந்தென்றால் கடதாசியில் கணக்கு

மனக்கணக்கு வேண்டாம். பிள்ளையை நிறுங்கள். பிள்ளை வரவில்லையென்றால் தாயிடம் கிளினிக்கில் தந்த வளர்ச்சிப் பதிவேடு இருக்கும், கடைசியாக நிறுத்த நிறையையும் திகதியையும் பாருங்கள்.

பரசிற்றமோல் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 இலிருந்து 15 மி.கி. 12 கிலோப் பிள்ளைக்குக் கூடினது 180 மி.கி. பாணி 5 மி.லீட்டரில் 120 மி.கி. உள்ளதென்றால் 7.5 மி.லீ. வரும். அதே பாணி 5 மி.லீட்டரில் 250 மி.கி. உள்ளதாகவும் கிடைக்கிறது. அந்தப் போத்தலில் 7.5 மி.லீ. கொடுத்தால் 375 மி.கி. போய்விடும், கொடுக்கக்கூடியதன் இரண்டு மடங்குக்கு மேல். சரியான அளவு 3.6 மி.லீ. ஆகவே போத்தலைக் கையில் எடுத்து, அதிலுள்ள செறிவைப் பார்த்த பிறகே கணக்குப் போடுங்கள். இடைவெளி 6 மணித்தியாலம், ஒரு நாளைக்கு நாலு தரத்துக்கு மேல் இல்லை.

வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஊசியில்லாத சிறிஞ்சைக் கொடுத்து, அளவுக்கோட்டில் பேனையால் கோடு போட்டுக் காட்டுங்கள்.

தூளாக வரும் அமொக்சிசிலின் பாணியைக் கலக்காமல் கொடுத்து விடுவது இன்னொரு பிழை. தாய் வீட்டில் கிணற்றுத் தண்ணியைக் கண்மட்டத்துக்கு விடுவா. காய்ச்சி ஆறின தண்ணியில் கோடு வரைக்கும் நீங்களே கலக்கி, கலக்கின திகதியையும் எறிய வேண்டிய திகதியையும் போத்தலில் எழுதுங்கள்.

6. எடுப்பதும் எண்ணுவதும்

ஒரு நேரத்தில் ஒரு மருந்து. பெட்டியின் பெயரை மூன்று தரம் வாசிக்க வேண்டும்: தட்டிலிருந்து எடுக்கும்போது, எண்ண முன்னம், திருப்பி வைக்கும்போது. மூன்றாம் வாசிப்பைத்தான் எல்லாரும் விடுவார்கள். பிழை பிடிபடுவதும் கூடுதலாக அதில்தான், ஏனென்றால் அந்த நேரம் கையில் அவசரம் இல்லை.

எண்ணும்போது போன் அடித்தால் அடிக்கட்டும். எடுத்துப் பேசினால் எண்ணினதை எண்ணும் தட்டிலேயே கலைத்து முதலிலிருந்து எண்ண வேண்டும். பெனிசிலின் வகை எண்ணின தட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததைக் கொட்டுங்கள், தூள் ஒட்டும்.

7. உறையில் எழுதுவது

இந்தப் படியில் நான் விட்ட பிழையொன்றைச் சொல்கிறேன். மூட்டு வாதத்துக்கு மெதொற்றெக்சேற், 2.5 மி.கி. குளிசை மூன்று, கிழமைக்கு ஒருதரம். ஒரு மாதத்துக்கு 12 குளிசை எண்ணிப் போட்டு, உறையில் "3 குளிசை, வாரம் 1" என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு அது "வாரத்துக்கு ஒருதரம்". அந்த அம்மாவுக்கு அது "ஒரு வாரத்துக்கு".

பின்னேரம் மகள் போன் எடுத்தா. "அண்ணை, நாளைக்கு மூண்டு எண்டால் ஏழு நாளைக்கு இருவத்தொண்டு வேணும், பன்ரண்டுதானே இருக்கு?" கடைக்காரன் ஒன்பது குளிசையைக் குறைத்துப்போட்டான் என்ற கோபம் குரலில் இருந்தது. அம்மா அன்றைக்கு மூன்றுதான் குடித்திருந்தா, அது சரியான அளவு. அடுத்த நாளும் தொடர்ந்திருந்தால் வாய் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே வந்திருக்கும். என்னைக் காப்பாற்றினது அந்த 12 என்ற எண்ணிக்கை.

அன்றிலிருந்து கிழமை மருந்து எதுவானாலும் நாளின் பெயர் எழுதுகிறேன்: "திங்கட்கிழமை மட்டும். மற்ற நாட்களில் குடிக்கக் கூடாது." மெதொற்றெக்சேற்றோடு தரும் போலிக் அமிலத்தை டொக்டர் வேறு நாளுக்குச் சொல்லியிருந்தால் அந்த நாளின் பெயரும் உறையில் வர வேண்டும். காலபோக வயல் வேலைக்கு இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்கச் சுகாதாரப் பகுதியினர் தரும் டொக்சிசைக்கிளினும் கிழமைக்கு ஒருதரம்தான். அதை உங்களிடம் கொண்டுவந்து எப்படிக் குடிப்பதென்று கேட்டால், அதற்கும் நாள் குறித்துக் கொடுங்கள்.

மற்ற உறைகளுக்கு: நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், பலம், காலை–மதியம்–இரவு, சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ, எதற்கு. "பிரஷருக்கு", "சீனிக்கு" என்ற ஒரு சொல் பெரிய உதவி. பிரஷர் இல்லாத ஆளுக்கு அந்த உறை போனால் அவரே திருப்பிக் கொண்டுவந்து தருவார். வாசிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியனும் நிலாவும் கீறுங்கள். "தேவைப்பட்டால்" என்று எழுதினால் ஒரு நாளைக்கு ஆகக்கூடியது எத்தனை என்றும் எழுத வேண்டும்.

பழைய உறையை நோயாளி கொண்டுவந்து "இதிலேயே போடுங்கோ தம்பி" என்பார். கடதாசி மிச்சம் என்று போடாதீர்கள். போன மாதம் 5 மி.கி. எழுதின உறைக்குள் இந்த மாதம் 10 மி.கி. போய்விடும்.

8. இரண்டாவது கண்

எடுத்தவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். சரிபார்ப்பவர் முதலில் குளிசையைப் பார்த்து என்னவென்று சொல்லிவிட்டுப் பிறகு துண்டைப் பார்க்க வேண்டும். துண்டை முதலில் பார்த்தால் கண் அதையே குளிசையிலும் காணும்.

தனியாக நிற்கிற நாளில் மருந்தை எடுத்து வைத்துவிட்டு மேசையைத் துடையுங்கள், ஒரு வாய் தண்ணி குடியுங்கள், பிறகு வந்து கடைசி மருந்திலிருந்து மேல்நோக்கிச் சரிபாருங்கள். பஸ் வந்துவிட்டது என்று வெளியிலிருந்து சத்தம் போடுவார்கள். அடுத்த பஸ்ஸும் வரும்.

9. கையளிப்பு

ஒவ்வொரு உறையையும் திறந்து, குளிசையைக் காட்டிச் சொல்லுங்கள். நெடுநாள் நோயாளிக்குத் தன் குளிசை தெரியும். "இது வழமையா மஞ்சளெல்லே பிள்ளை?" என்று கேட்டால் "கம்பனி மாறினது" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். பெட்டியை எடுத்துப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

"விளங்கினதோ?" என்று கேட்பதில் பிரயோசனமில்லை. மரியாதைக்கு எல்லாரும் "ஓம்" என்பார்கள். "வீட்டில போய் எப்பிடிப் பாவிப்பீங்கள், ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். முட்டு வருத்தத்துக்கு (ஆஸ்துமாவுக்கு) இழுக்கும் கப்சியூல் தருவோமே, கருவிக்குள் போட்டு உடைத்துத் தூளை இழுப்பது. ஒரு ஐயாவிடம் இப்படிக் கேட்டபோது, "காலையில ஒண்டு, இரவில ஒண்டு, தேத்தண்ணியோட விழுங்குவன்" என்றார். இரண்டு மாதமாக விழுங்கியிருக்கிறார். முட்டுக் குறையவில்லையென்று மருந்தைக் கூட்டியும் எழுதியிருந்தார்கள். கருவி பெட்டி பிரிக்காமல் வீட்டு அலுமாரியில் இருந்ததாம்.

இன்சுலின் என்றால் வெளியில் எடுத்த குப்பியை 28 நாளுக்கு மேல் வைக்காமல் இருக்கத் திறந்த திகதியைக் குப்பியில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால் ஈரமணல் போட்ட மண்பானையில், தண்ணி படாமல் வைத்து, நிழலில் வைக்கச் சொல்லுங்கள். மி.லீட்டருக்கு 100 யுனிட் உள்ள குப்பிக்கு 100 யுனிட் சிறிஞ்ச்தான். 40 யுனிட் சிறிஞ்ச் கைக்கு வந்தால் அளவு இரண்டரை மடங்கு கூடும்.

கந்தசட்டி கிட்டினால் சீனிக் குளிசை எடுக்கிற அம்மாமாரிடம் விரதமோ என்று கேளுங்கள். கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்றவற்றைச் சாப்பிடாமல் குடித்தால் சீனி இறங்கி மயக்கம் வரும். விரதத்தை விடச் சொல்வது உங்கள் வேலை இல்லை. விரதத்துக்கு முன்னமே டொக்டரிடம் கேட்டு மருந்தை மாற்றி எழுதுவித்து வரச் சொல்லுங்கள்.

10. மாறிப் போய்விட்டால்

பிழை என்று தெரிந்த நிமிசம் போன் எடுங்கள். இதற்காகத்தான் ஒவ்வொரு துண்டின் பதிவிலும் நோயாளியின் போன் இலக்கம் எழுதுவது. போன் வேலை செய்யாவிட்டால் அந்த ஊருக்கு ஆளை அனுப்புங்கள், விதானையாருக்குச் சொல்லுங்கள்.

"ஐயா, நான் தந்த மருந்தில பிழை இருக்கு, இனிக் குடிக்காதேங்கோ. எத்தினை குடிச்சீங்கள்?" இவ்வளவும் முதலில். காரணம் பிறகு. குடித்திருந்தால் எழுதின டொக்டருக்குச் சொல்லுங்கள். மயக்கம், மூச்சுத்திணறல், வலிப்பு என்றால் 1990 அம்புலன்ஸ். மிச்சக் குளிசையும் உறையும் ஆளோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே என்ன உள்ளே போனதென்று பார்ப்பதற்கு.

பின்னேரம் கடை பூட்ட முன்னம் நழுவல் கொப்பியில் எழுதுங்கள்: என்ன மருந்து, எந்தப் படியில், அந்த நேரம் என்ன நடந்துகொண்டிருந்தது. யார் விட்டது என்ற நிரல் என் கொப்பியில் இல்லை. ஒருகாலம் இருந்தது. பெயர் எழுதத் தொடங்கின மாதத்தில் பிள்ளைகள் எழுதுவதை நிற்பாட்டிவிட்டார்கள், அந்த நிரலைக் கோடு போட்டு வெட்டினேன். மாதக் கடைசியில் கொப்பியை விரித்து, ஒரே சோடி மருந்து இரண்டு தரம் வந்திருந்தால் அன்றைக்கே அதில் ஒன்றை வேறு தட்டுக்கு மாற்றிவிடுவோம்.